காலியாக இருந்த ஐந்தாவது கட்டம்

போன சனிக்கிழமை என் வீட்டுக்கு டிஷ் ஆன்டெனா மாட்ட ஒருவர் வந்தார். மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மொட்டை மாடி பூட்டியிருந்தது.

பொம்மனஹள்ளியில் இந்த அபார்ட்மென்ட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் இன்னும் பிடிபடவில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் அசோசியேஷன் ஆஃபீஸ், அங்கே புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்றார்.

போனேன். மேஜையில் ஒரு பெண்மணி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் ஒரு பலகை. அதில் முப்பது நாற்பது சாவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

“மொட்டை மாடி சாவி வேணும் மேடம். ஆன்டெனா மாட்டணும்.”

“மொட்டை மாடி மட்டும் போதுமா சார்? டேங்க் ரூமும் வேணுமா?”

எனக்கு எப்படித் தெரியும்? மாட்ட வந்தவருக்கே தெரியுமோ என்னவோ. “கொத்தாவே குடுத்துடுங்களேன். எது தேவையோ நாங்க பாத்துக்கறோம்” என்றேன் — ஏதோ அவருக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

அவர் நிமிரவில்லை. ஒரு நீளமான ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். “கொத்தா குடுக்கறதில்ல சார். எந்தச் சாவி மட்டும்னு எழுதி சைன் பண்ணுங்க.”

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கிலத்தில் குண்டு குண்டாக ஒரு தலைப்பு. ஹூ. வொய். விச் கீ ஒன்லி. டில் வென். சைன்.

மூன்றாவது தலைப்பை இன்னொரு தடவை படித்தேன். ‘விச் கீ ஒன்லி’... இப்படி ஓர் ஆங்கிலத்தை, இப்படிக் கோடு போட்ட ரெஜிஸ்டரில் எழுதக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் அப்போதுதான் நிமிர்ந்தார்.

சகுந்தலா மேடம்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எப்படி இருக்கிறீர்கள் என்றாவது கேட்டிருப்பீர்கள். நான் கட்டங்களை நிரப்பினேன். கையெழுத்துப் போட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஏழு மாடி ஏறினேன். வேலை முடிந்ததும் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏன் இந்த ஓட்டம் என்று சொல்லத்தான் போகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் ஆட்டோ மீட்டர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “உங்கள் அனுபவங்களில் தப்பு செய்கிறவர் எப்போதும் எதிராளியாகவே இருக்கிறாரே, அது எப்படி?”

நல்ல கேள்வி அம்மா. இந்த வாரம் அந்தக் குறை இருக்காது.

*

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களையெல்லாம் முடக்கப்போவதாகச் சொன்ன ஒய்டூகே பூதம் வரும் வரும் என்று பயமுறுத்திவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்ச் சேர்ந்த காலம். கோரமங்களாவில் முப்பது பேர் வேலை பார்த்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டீம் லீடர். லீடர் என்றால் எனக்குக் கீழே இரண்டு பேர். ஆனால் நடை மட்டும் இருநூறு பேருக்குத் தலைவன் மாதிரி இருக்கும்.

சகுந்தலா மேடம் எங்கள் சிஸ்டம் அட்மின். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்ந்து, மேனுவல்களைத் தானாகவே படித்து, சர்வர் ரூமுக்கே பொறுப்பாளர் ஆனவர். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட். அந்த வருஷம்தான் அவரைப் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் நாகராஜ் சார் சொல்லியிருந்தார். லெட்டர் டைப் ஆகி, கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. ஆஃபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, மேடத்தின் ரெஜிஸ்டர். சர்வரில் யாருக்கு எந்த அனுமதி வேண்டுமானாலும் அதில் எழுத வேண்டும். யார், எதற்கு, ‘விச் ஃபோல்டர் ஒன்லி’, எதுவரை, கையெழுத்து. கம்ப்யூட்டர் கம்பெனியில் கோடு போட்ட நோட்டா? நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது. அவருக்கு ‘ஒன்லி மேடம்’ என்று பெயரே வைத்திருந்தோம். வைத்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.

அப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். ஊரில் மூன்று இடத்தில் அவர்களுக்குக் கிளை. லேப் மெஷினிலிருந்து வரும் ரிசல்ட்டுகள் எங்கள் ஆஃபீஸ் சர்வருக்கு வரும். புரோகிராம் அவற்றை எடுத்து அந்தந்தக் கிளைக்கு அனுப்பும். பழைய முறையில் ஒருவர் உட்கார்ந்து அனுப்பிக்கொண்டிருந்தார். இனிமேல் ஆள் வேண்டாம், பின்னணியில் தானாகவே ஓடும் — அதுதான் எங்கள் பெருமை.

என் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் ஜோராக ஓடியது. பின்னணியில் சர்வீஸாக ஓட விட்டால்... ‘பெர்மிஷன் டினைட்’. அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வளவுதான். படுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் தெரியாத வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விஷயம் ரொம்ப எளிது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நீங்கள் எத்தனை தடவை திறந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஊருக்குப் போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கிறீர்கள். அவர் பால்கனி வரைக்கும் வரலாம். ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?

அதே கதைதான். நான் ஓட்டும்போது புரோகிராம் என் பெயரில் ஓடும். என் உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. தானாக ஓட வேண்டுமானால் அதற்கென்று வேறு ஒரு பெயர் வேண்டும். எங்கள் சர்வரில் அதற்கு ‘லேப்ரன்’ என்று பெயர் வைத்திருந்தார் மேடம். லேப்ரன் டீ கேட்காத, லீவு போடாத ஊழியன். ஆனால் அவனுக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லை உண்டு.

அவன் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கே? அதைத்தான் நான் தேடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நிறுத்தினேன், மறுபடி ஓட விட்டேன். அழித்தேன், மறுபடி நிறுவினேன். சர்வரையே ஒரு தடவை அணைத்துப் போட்டேன். ‘டினைட்’... ‘டினைட்’... ‘டினைட்’. அன்று மத்தியானம் மூன்று மணிக்கு டெமோ. பரிசோதனை நிலையத்தின் முதலாளி நேரில் வருகிறார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

மேடம் அன்று லீவு. சந்தாபுராவில் அவருடைய சித்தி வீட்டில் வைத்துத் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவசரமானால் கூப்பிடுங்கள் என்று, சித்தி வீட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டேன். பூத்காரர் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தார்.

“என்ன ஆச்சு சார்?”

“பெர்மிஷன் டினைட் மேடம்.”

“எந்த ஃபைல்னு சொல்லுது?”

“அதெல்லாம் சொல்லல. டினைட்னு மட்டும்தான் சொல்லுது.”

சொல்லியிருந்தது. ஃபைலின் பெயரோடுதான் சொல்லியிருந்தது. வரி நீளமாக இருந்ததால் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. அதை நகர்த்திப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

“ஸ்வல்ப பொறுத்துக்கோங்க சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பினதும் பஸ் ஏறிடறேன். நாலரைக்குள்ள வந்துடுவேன்.”

“மூணு மணிக்கு டெமோ! ரூட் பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நானே பாத்துக்கறேன்.”

ரூட் என்பது சர்வரின் எஜமான் கணக்கு. அந்தப் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். ஆஃபீஸில் அது மேடத்திடம் மட்டும்தான் இருந்தது.

ஓசூர் ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இங்க நாலு பேர் நிக்கறாங்க சார்...”

“மெதுவாச் சொல்லுங்க மேடம். கம்பெனி மானம் போகுது இங்க!”

சொன்னார். வாயைப் பொத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. “எழுதி வெச்சுக்காதீங்க. நேரா டைப் பண்ணுங்க. லேப்ரனுக்கு ரிசல்ட் ஃபோல்டர் மட்டும் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க. ரெஜிஸ்டர் என் டிராயர்ல இருக்கு, மறக்காம எழுதிடுங்க சார்.”

“சரி, சரி” என்று போனை வைத்தேன்.

ரிசல்ட் ஃபோல்டர் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் ‘டினைட்’. மணி ஒன்று. எனக்குள் இருந்த டீம் லீடர் பொங்கி எழுந்தான். மூன்று ஏழு போட்டேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்போது பகீர் என்றிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு ஃபோல்டருக்கு மூன்று ஏழு போட்டால், சர்வரில் கணக்கு இருக்கும் யார் வேண்டுமானாலும் அதற்குள் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அதையும் நான் ஒரு ஃபோல்டருக்குப் போடவில்லை. அந்தப் பரிசோதனை நிலையத்தின் மொத்த டேட்டாவுக்கும், உள்ளே இருந்த அத்தனைக்கும் சேர்த்துப் போட்டேன்.

லேப்ரன் எழுந்து ஓடினான். டெமோ பிரமாதம். முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாகராஜ் சார் முதுகில் தட்டினார். மூன்று ஏழை எடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்று அடுத்த நினைப்பு வந்தது. இரண்டாவது நினைப்போடு கேன்டீனுக்குப் போனேன்.

*

மறுநாள் மேடம் சந்தோஷமாக வந்தார். தங்கைக்குப் பேசி முடித்தாகிவிட்டது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். அப்புறம் ரெஜிஸ்டரோடு என் சீட்டுக்கு வந்தார். நான் எழுதாததை அவரே எழுதியிருந்தார். கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி.

“ரிசல்ட் ஃபோல்டர் மட்டும்தானே சார் குடுத்தீங்க?”

“ஆமா மேடம்.”

வாயில் மைசூர்பாகு இருந்தது. பொய் அதோடு சேர்ந்து சுலபமாக உள்ளே போய்விட்டது.

“அப்ப ஒரு சைன் போட்டுடுங்க.”

“அப்புறம் போடறேன், வெச்சுட்டுப் போங்க.”

அவர் வைத்துவிட்டுப் போகவில்லை; ரெஜிஸ்டரை யாரிடமும் விடும் வழக்கம் அவருக்கு இல்லை. சாயங்காலம் மறுபடி வந்தார். மீட்டிங் என்றேன். இரண்டு நாள் கழித்து மூன்றாவது தடவை வந்தபோது, “என்ன மேடம், ரேஷன் கடையா நடத்தறீங்க?” என்று சத்தமாகக் கேட்டேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிட அந்த ஜோக்குக்கு அதிக நேரம் ஆயிற்று. ஆனால் நான் சோம்பலில் மட்டும் தள்ளிப்போடவில்லை. ‘விச் ஃபோல்டர் ஒன்லி’ என்ற கட்டத்துக்கு நேரே, பொய்க்குக் கீழே, கையெழுத்துப் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. வாயால் சொல்ல முடிந்தது, பேனாவால் முடியவில்லை... மனசாட்சியின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அது நடந்தது.

அதே சர்வரில் இன்னொரு புராஜெக்ட்டின் ஆட்கள், பழைய ஃபைல்களைக் கூட்டிப் பெருக்கும் ஒரு புரோகிராமைச் சோதித்தார்கள். ஃபோல்டர் பெயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமாக என்ன நடந்திருக்கும்? ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்திருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருப்பார்கள். அன்று யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற கதவைத்தான் நான் கழற்றி வைத்திருந்தேனே! பரிசோதனை நிலையத்தின் ரிசல்ட்டுகள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் துடைத்தெறியப்பட்டன.

மேடம் வெள்ளிக்கிழமைதோறும் டேப்பில் பேக்கப் எடுப்பார். போன வெள்ளி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆறு நாள் ரிசல்ட் போயே போய்விட்டது; கிளைகளில் தனியாகப் பிரதி கிடையாது.

ஆறு நாள் ரிசல்ட் என்றால் எங்களுக்கு ஃபைல். மற்றவர்களுக்கு அது ரத்தம். வெள்ளிக்கிழமை காலை நாகராஜ் சாரோடு நானும் ஒரு கிளைக்குப் போனேன். வெறும் வயிற்றோடு மறுபடி வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் முழங்கை மடிப்பில் பழைய பஞ்சு ஒட்டிய இடத்தைக் காட்டி, “இதே கைல மறுபடியுமா?” என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை மீட்டிங். மேஜைக்கு அந்தப் பக்கம் நாகராஜ் சார். இந்தப் பக்கம் நான். எனக்கு எதிரே சகுந்தலா மேடம். அவருக்கு முன்னால் ரெஜிஸ்டர், மூடியபடி.

யாரோ எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதை ரூட்டால்தான் செய்ய முடியும் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. நாகராஜ் சார் கோபம் வந்தால் இங்கிலீஷிலிருந்து கன்னடத்துக்கு மாறிவிடுவார்.

“ரூட் பாஸ்வேர்ட் நிம் ஹத்ர மாத்ர தானே இரோது, மேடம்?” உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது என்கிறார்.

“ஹௌது சார்” என்றார் மேடம். ஆமாம் சார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. பேசப்போகிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு கை ரெஜிஸ்டர் மேல் இருந்தது.

நான் டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆடை படிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சுருக்கம் இருந்தது. எட்டு வருஷம் கழித்தும் அந்தச் சுருக்கத்தை என்னால் வரைந்து காட்ட முடியும்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்கு அமெரிக்காவில் ஆன்சைட் வேலை உறுதியாகியிருந்தது. அடுத்த வாரம் சென்னையில் விசா இன்டர்வியூ. வீட்டில் பெட்டிகூட வாங்கியாயிற்று. ஒரு வாக்கியம் பேசினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். இதுதான் முழுக் காரணம். இதற்கு மேல் ஒரு நியாயமும் என்னிடம் கிடையாது.

பெர்மனென்ட் லெட்டர் கையெழுத்தாகவில்லை. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட்டும் முடிந்தது. கடைசி நாள் மேடம் சர்வர் ரூமிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் முனையில் யாரும் இல்லை.

அமெரிக்கா? போனேன். டாட்காம் சரிந்த நேரம். மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கிய பெட்டி இப்போதும் பரணில் இருக்கிறது.

*

பின்னால் நானும் பல இடங்களில் பார்த்துவிட்டேன். அவசரம் என்று வந்துவிட்டால் எல்லோருடைய கையும் மூன்று ஏழுக்குத்தான் போகிறது. எது தடுக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பது சள்ளை. மொத்தமாகத் திறந்துவிடுவது சுலபம். திறந்துவிடுகிறவர் தாராள மனசுக்காரர். எது மட்டும், எதுவரைக்கும் என்று கேட்கிறவர் கெடுபிடிக்காரர், ரேஷன் கடைக்காரர். வீடு, ஆஃபீஸ், சொசைட்டி... எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். கெடுபிடிக்காரரால்தான் அந்த இடம் அதுவரை பத்திரமாக இருந்தது என்பது அவர் போன பிறகுதான் தெரிகிறது.

இப்படி அழகாக எழுதிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் படி இறங்கி ஜெனரேட்டர் பக்கம் போவதுதான் கஷ்டம்.

போனேன். ஆஃபீஸில் வேறு யாரும் இல்லை.

“வாங்க முரளி சார். நேத்து ஏன் அப்படி ஓடினீங்க? சாவி என்ன கடிச்சிடுமா?”

அவர் குரலில் கிண்டல் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை. உட்காரச் சொன்னார். தங்கை சந்தாபுராவில்தான் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள் என்றார். தனக்கு அதற்குப் பிறகு சர்வர் வேலை கிடைக்கவில்லை என்றார்.

“ரெண்டு மூணு இடத்துல இன்டர்வியூ வரைக்கும் போனேன் சார். எல்லாரும் பழைய ஆஃபீஸுக்கு ஒரு போன் போட்டு விசாரிப்பாங்க. அவ்ளோதான். அப்புறம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிட்டேன். இப்ப இது. இதுவும் பர்மிஷன் குடுக்கற வேலைதான். சாவி கண்ணுக்குத் தெரியுது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

“மேடம்... அன்னிக்கு மூணு ஏழு போட்டது நான்தான்.”

எட்டு வருஷம் தொண்டையில் இருந்த வாக்கியம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“தெரியும் சார்” என்றார் அவர். “ஃபைல் அழிஞ்ச அன்னிக்கே எல்லாத்தையும் பாத்துட்டேன். அந்த லாக் ஃபைல் உங்க பேர்ல இருந்துச்சு.”

“எந்த லாக் ஃபைல்?”

“புரோகிராம் எழுதற லாக் ஃபைல். நீங்க உங்க சீட்லேருந்து ஓட்டிப் பாத்தீங்கல்ல, அப்ப அது உங்க பேர்ல உண்டாயிடுச்சு. லேப்ரன் வந்து அதுல எழுதப் பாக்கறான், முடியல. அது உங்க ஃபைல். உங்க ஃபைலை நீங்களே அழிச்சிருந்தா அவன் பாட்டுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருப்பான். என் பாஸ்வேர்டே வேண்டியிருக்கல சார் உங்களுக்கு.”

எனக்கு உடனே புரிந்தது. லேப்ரன் முட்டிக்கொண்டு நின்றது என் மேல்தான். அந்த ஒரு வரியை நகர்த்திப் படித்திருந்தால் என் கையாலேயே ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். சந்தாபுராவுக்குப் போன் போயிருக்காது. எதுவுமே நடந்திருக்காது.

“அப்ப ஏன் மேடம் மீட்டிங்ல சொல்லல? ரெஜிஸ்டர் உங்க கைலதானே இருந்துச்சு?”

“என்ட்ரி இருந்துச்சு. பூத்லேருந்து போன்ல குடுத்தேன், இத்தனை மணிக்குன்னு எல்லாம் எழுதியிருந்தேன். சைன் இல்லையே? சைன் இல்லாத என்ட்ரிய காட்டினா, மாட்டிக்கிட்டதும் இவளே எழுதிக்கிட்டாள்னு சொல்லியிருப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.” சாவிப் பலகையில் கோணலாகத் தொங்கிய ஒரு சீட்டை நேராக்கினார். “அதான், நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“கோவம் இல்லையா மேடம் எம்மேல?”

“இல்லாம இருக்குமா சார்? ரொம்ப நாள் இருந்துச்சு. பாஸ்வேர்டை வெளிய சொன்னது என் தப்பு, அதுக்கு என் மேலயும் கோவம். ஆனா அந்த ரேஷன் கடைன்னு சொன்னீங்களே... அதுதான் போகவே மாட்டேங்குது.”

அந்த ரெஜிஸ்டர் இப்போது எங்கே என்று கேட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

“ஆஃபீஸ் நோட்டு சார் அது. ஒப்படைச்சிட்டுத்தான் வந்தேன். உங்க சீட்டுக்குப் பின்னால ஸ்டேஷனரி பீரோ இருக்குமே, அதுல மேல் தட்டு.”

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, அந்த பீரோவுக்கு முன்னால் நான் இன்னும் நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் எடுக்க, பேனா எடுக்க எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். மேல் தட்டை அண்ணாந்து பார்த்ததில்லை. கம்பெனி இடம் மாறியபோது பழைய பேப்பரோடு அதுவும் போயிருக்கும்.

“நான் இப்ப எழுதித் தரேன் மேடம். நாகராஜ் சார் அட்ரஸ் எங்கிட்ட இருக்கு. நடந்தது இதுதான்னு விவரமா எழுதி, சைன் போட்டு, அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.”

ஆவேசமாகத்தான் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

“போடுங்க சார். வேணாம்னு சொல்ல மாட்டேன்” என்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கிளப் ஹவுஸ் சாவி கேட்டு வந்து நின்றார்கள். ரெஜிஸ்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார்:

“தேதி மட்டும் எது போடுவீங்க?”

கடிதத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். இரண்டு பிரதி, இரண்டிலும் கையெழுத்து. நான்கு நாளாக மேஜை மேலேயே இருக்கின்றன. தேதி போட வேண்டிய வலது மேல் மூலை மட்டும் இன்னும் காலி.